வெகுமதியை எப்போது அளப்பது? வலுவூட்டல் கற்றலும் கல்வி ஆய்வும்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன் 1972ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். 84 ஜெர்மன் சொற்களைக் கணினி வழியாக மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அடுத்து எந்தச் சொல்லைக் கொடுப்பது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்வது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர் ஒப்பிட்ட குழுக்களில் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம். ஒரு குழுவுக்குச் சொற்கள் குலுக்கல் முறையில் வந்தன. இன்னொரு குழுவினர் தங்களுக்கு வேண்டிய சொல்லைத் தாங்களே தேர்ந்தெடுத்தனர். வேறொரு குழுவுக்கு, நினைவு எவ்வாறு உருவாகி எவ்வாறு மங்குகிறது என்பதற்கான ஒரு கணித மாதிரியைக் கொண்டு கணினியே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது அதிகமாகச் சரியான விடை சொன்னவர்கள் குலுக்கல் குழுவினர். கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்த குழுவினரோ மற்றவர்களைவிட அதிகமாகத் தவறு செய்தனர். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வரிசை தலைகீழாகிவிட்டது. குலுக்கல் குழு 38 விழுக்காடு, தாமே தேர்ந்தவர்கள் 58 விழுக்காடு, கணினி வழிநடத்திய குழு 79 விழுக்காடு.

இதற்கான காரணம் எளியது. நன்கு படிந்துவிட்ட சொற்களைக் கணினி ஒதுக்கிவிட்டு, இன்னும் படியாத சொற்களையே மாணவர்முன் வைத்துக்கொண்டிருந்தது; ஆகவே பயிற்சியில் தவறுகள் மிகுந்தன, நினைவு உறுதிப்பட்டது. கல்வி ஆய்வாளர்கள் வலுவூட்டல் கற்றலை, அதாவது தன் செயல்களின் பலனைக் கொண்டு கணினி தானே கற்கும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கை, கையில் எடுக்கும்போது எதிர்கொள்ளும் சிக்கலின் சாரம் முழுவதும் இந்தச் சிறு சோதனைக்குள் இருக்கிறது என்று கருதுகிறேன். கற்பித்தல் என்பது ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படும் முடிவுகளின் தொடர். ஒவ்வொரு முடிவும் அடுத்த முடிவுக்கான சூழ்நிலையை மாற்றுகிறது, அதன் உண்மையான பலன் காலம் கடந்தே தெரிகிறது, உடனடியாகக் கண்ணுக்குத் தெரியும் பலனோ பல நேரங்களில் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

'வலுவூட்டல்' என்னும் சொல் கணினியியலுக்கு உளவியலிலிருந்து வந்தது. எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறந்து வெளியேறி உணவை அடைய எடுத்துக்கொண்ட நேரம் முயற்சிக்கு முயற்சி குறைந்துவந்ததைப் பதிவு செய்தார். நல்ல விளைவைத் தந்த செயல் மீண்டும் நிகழும் வாய்ப்புக் கூடுகிறது என்னும் அவருடைய விளைவு விதியே பின்னாளைய ஆய்வுகளுக்கு அடித்தளமானது. 1950களில் பி. எஃப். ஸ்கின்னர் இதே சிந்தனையை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, கேள்வியைக் காட்டி விடை சரியா என்பதை உடனுக்குடன் தெரிவிக்கும் கற்பிக்கும் எந்திரங்களை உருவாக்கினார். அதே காலகட்டத்தில், இவற்றோடு தொடர்பே இல்லாத வேறொரு பாதையில், கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன், பல படிகளில் எடுக்க வேண்டிய முடிவுகளைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் முறையை வகுத்தார். இவ்விரு பாதைகளும் 1980களில் ரிச்சர்ட் சட்டன், ஆண்ட்ரூ பார்ட்டோ ஆகியோரின் ஆய்வுகளில் உறுதியாக ஒன்றிணைந்தன. அந்தப் பங்களிப்புக்காக கணினியியலின் மிக உயரிய விருதான டியூரிங் விருது, 2024ஆம் ஆண்டுக்கானது, அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இந்த முறையின் உறுப்புகள் சிலவே. முடிவெடுக்கும் முகவர் ஒன்று உண்டு. கணக்குப் பயிற்சி தரும் ஒரு மென்பொருளை நினைத்துக்கொள்ளலாம். அது இருக்கும் சூழல், இங்கே, கற்கும் மாணவர். ஒவ்வொரு கணத்திலும் சூழலுக்கு ஒரு நிலை உண்டு: மாணவர் எவற்றை அறிந்திருக்கிறார், எதில் தடுமாறுகிறார், களைத்துவிட்டாரா என்பன போன்றவை. அந்த நிலையைப் பார்த்து முகவர் ஒரு செயலைத் தேர்கிறது: புதிய கணக்கைக் கொடுப்பது, பழைய கணக்கை மீண்டும் கேட்பது, தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்பிப்பது. செயலுக்குப் பின் நிலை மாறுகிறது. கூடவே ஓர் எண் வந்து சேர்கிறது. அந்த எண்தான் வெகுமதி. எந்த நிலையில் எந்தச் செயலைச் செய்வது என்னும் முழு விதித்தொகுப்பைத் துறையினர் கொள்கை என்கின்றனர். நெடுங்கால வெகுமதியின் கூட்டுத்தொகையைப் பெரிதாக்கும் கொள்கையைத் தன் அனுபவத்திலிருந்தே கண்டுபிடிப்பதுதான் முகவரின் வேலை. இந்த நிலையில் இதுவே சரியான செயல் என்று யாரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை. விடைகளோடு கூடிய எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பழக்கும் மற்ற எந்திரக் கற்றல் முறைகளிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

முகவர் எப்படிக் கற்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒவ்வொரு நிலைக்கும், அங்கிருந்து தொடங்கினால் இனி எவ்வளவு வெகுமதி கிடைக்கும் என்னும் மதிப்பீட்டை முகவர் வைத்திருக்கிறது. ஒரு நிலையின் மதிப்பு 0.40 என்று அது எண்ணியிருந்தது எனக் கொள்வோம். ஒரு படி முன்னே சென்றதும், கிடைத்த வெகுமதியும் புதிய நிலையின் மதிப்பும் சேர்ந்து 0.70 வந்தது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாடு 0.30. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பழைய மதிப்பீட்டில் சேர்த்து 0.43 என்று முகவர் திருத்திக்கொள்கிறது. இறுதி முடிவு வரும்வரை காத்திராமல், ஒரு கணிப்பை அதற்கடுத்த கணிப்பைக் கொண்டே திருத்தும் இந்த உத்தியைச் சட்டன் 1988இல் முறைப்படி விளக்கினார். குரங்குகளின் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் இதே வேறுபாட்டை ஒத்த வகையில் சமிக்ஞை எழுப்புகின்றன என்று வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸும் பீட்டர் டயன், ரீட் மாண்டேகு ஆகியோரும் 1997இல் காட்டியது, இந்தக் கணிதத்தின்மீது உளவியலாளர்களுக்கு மீண்டும் ஆர்வம் பிறக்க ஒரு காரணமாயிற்று.

எதிர்கால வெகுமதிக்கு எவ்வளவு எடை தருவது என்பதையும் வடிவமைப்பவர் முடிவு செய்ய வேண்டும். வழக்கமாக, ஒரு படி தள்ளிக் கிடைக்கும் வெகுமதியை ஒன்றுக்குச் சற்றுக் குறைந்த ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் 0.9 என்றால், நூறு படிகளுக்குப் பின் வரும் ஒரு வெகுமதி இன்றைய கணக்கில் லட்சத்தில் மூன்று பங்குக்கும் குறைவாகத் தேய்ந்துவிடும். 0.99 என்றால் சுமார் 37 விழுக்காடு மிஞ்சும். ஒரு பாடத்தில் மாணவர் நூறு கணக்குகளைப் போட்ட பிறகே தேர்வு வருகிறது என்றால், முதல் எண்ணைத் தேர்ந்த வடிவமைப்பாளர் தம்மை அறியாமலேயே தேர்வை இல்லாததாக்கிவிடுகிறார். ஒரே ஒரு தசம எண்ணுக்குள் கல்வியின் நோக்கத்தைப் பற்றிய ஒரு நிலைப்பாடு இருப்பதைக் கல்வியியல் பின்னணி உள்ளவர்கள் உரத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த எண் பெரும்பாலும் கட்டுரைகளின் தொழில்நுட்ப விவரங்களுக்கிடையே ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறது.

தேடலுக்கும் பயன்கொள்ளலுக்கும் இடையிலான இழுபறி இன்னொரு அடிப்படைச் சிக்கல். இதுவரை நல்ல பலன் தந்த செயலையே செய்துகொண்டிருந்தால் அதைவிடச் சிறந்தது கண்ணில் படாமலே போகலாம். புதியவற்றை முயன்றுகொண்டேயிருந்தால் அறிந்த நன்மையை இழக்கலாம். சதுரங்கப் பலகையில் முயன்று தோற்பது யாருக்கும் தீங்கில்லை. வகுப்பறையில் ஒவ்வொரு தேடலும் ஒரு குழந்தையின் நேரத்தைச் செலவழிக்கிறது. இரண்டு மருத்துவ முறைகளில் எது சிறந்தது என்று அறிவதற்குள் எத்தனை நோயாளிகளுக்குத் தாழ்ந்த முறையைக் கொடுப்பது என்று வில்லியம் தாம்சன் 1933இல் எழுப்பிய கேள்வி இதன் மூத்த வடிவம். அவர் தந்த தீர்வு இன்று இணையவழிக் கல்விச் சோதனைகளில் பயன்படுகிறது. நல்ல பலன் தருவதாகத் தோன்றும் பாடவடிவத்தை மேலும் மேலும் அதிகமானோருக்குக் காட்டுவதால் அப்போது பங்கேற்கும் மாணவர்கள் பயன்பெறுகின்றனர். ஆனால் இரண்டு வடிவங்களுக்கும் சம அளவில் தரவு சேராததால், வேறுபாடு உண்மையானதா என்று பின்னர் புள்ளியியல் முறையில் உறுதிசெய்வது கடினமாகிறது. பங்கேற்பவருக்கு நன்மை செய்வதும் ஆய்வுக்கு நல்ல சான்று சேர்ப்பதும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன.

கல்விக்கே உரிய தடைகளில் முதலாவது, நிலை மறைந்திருப்பது. விளையாட்டில் பலகை முழுவதும் கண்முன் இருக்கிறது. மாணவரின் அறிவு அப்படி இருப்பதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குச் சரியாக விடையளித்தவர் ஊகித்திருக்கலாம், தவறாக விடையளித்தவர் கைதவறியிருக்கலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1990களில் முன்வைத்த அறிவுத் தடமறிதல் மாதிரி இதற்குப் பரவலாகப் பயன்படும் விடை. ஒரு திறனை மாணவர் அறிந்திருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு, அறியாதவர் ஊகித்துச் சரியாகச் சொல்ல 25 விழுக்காடு வாய்ப்பு, அறிந்தவர் தவறிவிட 10 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு சரியான விடைக்குப் பின் அவர் அறிந்திருப்பதற்கான வாய்ப்பு 78 விழுக்காடாக உயர்கிறது. அது உறுதிக்கு இன்னும் வெகு தொலைவு. ஆகவே முகவர் தெளிவான நிலையை வைத்து முடிவெடுக்க முடியாது. நிலையைப் பற்றிய தன் நம்பிக்கையை வைத்தே முடிவெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்குகளைத் தீர்க்கும் அடிப்படை வழிமுறையை 1973இல் எட்வர்ட் சோண்டிக்குடன் சேர்ந்து தந்தவர் ரிச்சர்ட் ஸ்மால்வுட். அவரே 1962இல் எம்.ஐ.டி.யில் கற்பிக்கும் எந்திரங்கள் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை ஆராய்ந்தவர். இந்தக் கணிதத்துக்குக் கல்வி வாடிக்கையாளராக மட்டும் இருக்கவில்லை, அதன் தொடக்கத் தூண்டுதல்களில் ஒன்றாகவும் இருந்திருக்கிறது.

இரண்டாவது தடை தரவின் பற்றாக்குறை. 2015இல் அட்டாரி என்னும் பழைய காணொளி விளையாட்டுகளைக் கற்ற, டீப்மைண்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் முகவர், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஏறத்தாழ 38 நாள் அளவு இடைவிடாத ஆட்ட அனுபவத்தைப் பெற்றது. 2017இல் கோ என்னும் பலகை விளையாட்டை ஆடும் அந்நிறுவனத்தின் ஆல்ஃபாகோ சீரோ மூன்று நாட்களில் தனக்குத்தானே 49 லட்சம் ஆட்டங்களை ஆடிக் கற்றது. ஒரு மாணவரைத் தொடக்க நிலைக்குத் திருப்பி, பின்னங்களை மீண்டும் முதலிலிருந்து கற்பித்துப் பார்க்க எவராலும் முடியாது. எனவே ஆய்வாளர்கள் ஏற்கெனவே சேர்ந்த பழைய பதிவுகளிலிருந்து புதிய கொள்கையின் பலனைக் கணிக்க முயல்கின்றனர். இதிலும் ஒரு சுவர் இருக்கிறது. பழைய மென்பொருள் ஒவ்வொரு படியிலும் இரண்டு செயல்களில் ஒன்றைச் சம வாய்ப்புடன் தேர்ந்தது, புதிய கொள்கையோ ஒவ்வொரு நிலைக்கும் ஒரே செயலைத்தான் சொல்கிறது என்றால், தொடர்ந்து 20 முடிவுகளில் பழைய பதிவு புதிய கொள்கையோடு முழுவதும் ஒத்துப்போகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அதாவது, பத்தாயிரம் மாணவர்களின் பதிவு கையில் இருந்தாலும், நேரடியாகப் பயன்படக்கூடியது ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

இதைத் தாண்டக் கணினிக்குள்ளேயே போலி மாணவர்களை உருவாக்கிப் பயிற்சியளிப்பதும் உண்டு. போலி மாணவரை எந்தக் கற்றல் மாதிரியைக் கொண்டு உருவாக்கினோமோ, அந்த மாதிரியின் பிழைகளையே முகவர் திறமையாகப் பயன்படுத்திக்கொண்டுவிடும் என்பதால், ஷயான் டொரௌடி, வின்சென்ட் அலெவன், எம்மா பிரன்ஸ்கில் ஆகியோர் 2017இல் ஒரு மாற்று வழியைப் பரிந்துரைத்தனர்: ஒவ்வொரு கொள்கையையும் பல வேறு மாதிரிகளின்மீது ஓட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் தாக்குப்பிடிக்கும் கொள்கையை மட்டுமே உண்மையான மாணவர்களிடம் கொண்டு செல்வது. எச்சரிக்கை மிகுந்த, நேர்மையான அணுகுமுறை இது.

மூன்றாவது தடையான வெகுமதியே என் பார்வையில் மற்ற இரண்டையும்விட ஆழமானது. முகவர் நம் எண்ணத்தைப் புரிந்துகொள்வதில்லை. நாம் கொடுத்த எண்ணை மட்டுமே பெரிதாக்குகிறது. 1998இல் யெட்டே ராண்ட்லோவும் பிரெபென் ஆல்ஸ்ட்ரோமும் கணினிக்குள் மிதிவண்டி ஓட்டக் கற்பித்தபோது, இலக்கை நெருங்கினால் வெகுமதி, விலகினால் தண்டனை இல்லை என்று வைத்துப் பார்த்தனர். முகவர் தொடங்கிய இடத்தைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்து வெகுமதியைச் சேர்த்தது. கல்வியில் இதற்கு நிகரானவற்றை ஊகிப்பது கடினமன்று. சரியான விடைகளின் எண்ணிக்கையை வெகுமதியாக்கினால் மிக எளிய கணக்குகளையே முகவர் கொடுத்துக்கொண்டிருக்கும். மென்பொருளில் மாணவர் செலவிடும் நேரத்தை வெகுமதியாக்கினால், கற்பிப்பதை விட்டுவிட்டுப் பிடித்துவைப்பதைக் கற்றுக்கொள்ளும்.

வெளிப்படையான இந்தத் தவறுகளை எந்த நல்ல ஆய்வாளரும் தவிர்த்துவிடுவார். வெகுமதியை அளக்கும் நேரத்தில் ஒளிந்திருக்கும் தவறு அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் ஓர் உரைப்பகுதியைப் படித்தனர். பிறகு சிலர் அதையே மீண்டும் படித்தனர், சிலர் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்தவர்கள் 81 விழுக்காட்டையும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களில், மீண்டும் படித்தவர்கள் 42 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தனர்; எழுதிப் பார்த்தவர்களிடம் 56 விழுக்காடு தங்கியிருந்தது. இந்த இரண்டு செயல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு ஒரு முகவரிடம் சொன்னால், ஐந்து நிமிடத் தேர்வை வெகுமதியாகப் பெற்ற முகவர் ‘மீண்டும் படிக்கச் சொல்’ என்னும் கொள்கையை அடையும். ஒரு வாரத் தேர்வை வெகுமதியாகப் பெற்ற முகவர் ‘நினைவிலிருந்து எழுதச் சொல்’ என்னும் கொள்கையை அடையும். வழிமுறை ஒன்றே, மாணவர்களும் ஒத்தவர்களே, கணக்கிலும் பிழையில்லை. கற்பிக்கும் முறை மட்டும் நேர் எதிராகிவிடுகிறது. அட்கின்சனின் சோதனையில் பயிற்சிநேர விடைகளை வெகுமதியாக வைத்திருந்தால், மிக மோசமான முறையே வென்றிருக்கும்.

ஒரு வாரம் காத்திருந்து அளப்பதற்குச் செலவு அதிகம். காத்திருக்கும் காலத்தில் மாணவர்கள் விலகிச் சென்றுவிடுகின்றனர், வேறு இடங்களிலும் கற்கின்றனர், நூறு முடிவுகளில் எந்த முடிவால் இந்தப் பலன் வந்தது என்று பிரித்தறிவது கடினமாகிறது. இதற்கு இடைப்பட்ட வழிகளும் உண்டு. பிரான்சில் பெஞ்சமின் கிளெமென், டிடியே ரொய், பியேர்-ஈவ் ஊதெயே, மனுவெல் லோப்பெஸ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு நாணயங்களையும் தாள்களையும் கொண்டு தொகைகளை அமைக்கக் கற்பித்த மென்பொருள், குழந்தையின் அண்மைய விடைகள் அதற்கு முந்தைய விடைகளைவிட எவ்வளவு மேம்பட்டிருக்கின்றன என்பதையே வெகுமதியாகக் கொண்டது. எளிய கணக்கில் முன்னேற்றம் இராது, எட்டாத கணக்கிலும் இராது. ஆகவே முகவர் இயல்பாகவே இரண்டுக்கும் நடுவே நின்றது. எந்தப் பயிற்சிக்குப் பின் எது வரலாம் என்னும் எல்லையை ஆசிரியரின் அறிவைக் கொண்டு முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். கல்வியியலை உள்ளே வைத்து வடிவமைக்கப்பட்ட வெகுமதிக்கு இது நல்ல மாதிரி.

இவ்வளவு முயற்சிக்கும் பலன் கிடைத்திருக்கிறதா? டொரௌடி, அலெவன், பிரன்ஸ்கில் மூவரும் 2019இல், 1960களிலிருந்து நடந்த ஒப்பீட்டுச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பாதிக்கும் மேற்பட்ட ஆய்வுகளில் வலுவூட்டல் கற்றல் தந்த கொள்கை ஒப்பீட்டு முறையைக் குறிப்பிடத்தக்க அளவு விஞ்சியது. எங்கே விஞ்சியது என்பதுதான் அந்த மதிப்பாய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது: நினைவு, மறதி, பயிற்சியின் இடைவெளி போன்றவற்றைப் பற்றிய உளவியல் கோட்பாடுகளால் முகவரின் தேர்வுகள் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளே அதிகம் வெற்றி கண்டன. எல்லாவற்றையும் தரவிலிருந்தே கண்டுபிடிக்கட்டும் என்று திறந்துவிடுவதைவிட, அறிந்ததைச் சொல்லிக்கொடுத்து அறியாததைத் தேடவிடுவது பயன் தந்திருக்கிறது. மின் சி, கர்ட் வான்லென் முதலியோரின் இயற்பியல் பயிற்சி மென்பொருள் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அடுத்த படியை மாணவரிடம் கேட்பதா, தானே சொல்லிவிடுவதா என்பதை முடிவெடுக்க அது கற்றது. முதல் முயற்சியில் கிடைத்த கொள்கை மாணவர்களுக்குக் கூடுதல் பயன் தரவில்லை. மாணவரின் நிலையை விவரிக்கும் கூறுகளை விரிவாக்கி, கற்றல் முன்னேற்றத்தை அதிகம், குறைவு என இரண்டாகப் பிரிக்காமல் அதன் அளவையே வெகுமதியாக வைத்த பிறகுதான் பலன் தெரிந்தது.

சாட்ஜிபிடி போன்ற உரையாடும் மென்பொருள்களுக்கு அடிப்படையான பெரிய மொழி மாதிரிகள் வந்த பிறகு இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. மனிதர்கள் இரண்டு விடைகளில் எதை விரும்புகிறார்கள் என்பதையே வெகுமதியாக்கி இவற்றைப் பழக்கும் முறை 2022 முதல் பரவலாகியிருக்கிறது. விரும்பப்படும் விடை பெரும்பாலும் முழுமையான, தெளிவான, உடனடியான விடை. கற்பவருக்கோ சில நேரங்களில் அரைகுறைக் குறிப்பும், திருப்பிக் கேட்கப்படும் கேள்வியுமே தேவை. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2025இல் வெளியான சோதனையில், வழக்கமான உரையாடல் மாதிரியின் உதவியோடு கணக்குப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 விழுக்காடு மேம்பட்டனர். பின்னர் உதவியில்லாமல் தேர்வெழுதியபோது, அந்த மாதிரியைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தந்து, விடையை நேரடியாகச் சொல்லாத இன்னொரு வடிவத்தில் இந்தப் பின்னடைவு பெரும்பாலும் காணப்படவில்லை. அந்த வடிவத்தின் கட்டுப்பாடு முழுவதும் மனிதர்கள் எழுதிக்கொடுத்த அறிவுறுத்தலால் வந்தது. அதே கட்டுப்பாட்டை மாதிரி தானாகவே கற்க வேண்டுமானால், அதன் வெகுமதி உரையாடல் முடிந்த கணத்தில் அளக்கப்படக் கூடாது. உதவி எதுவும் இல்லாமல் மாணவர் தனியே எழுதும் தேர்வில், சில நாட்கள் கழித்து, அளக்கப்பட வேண்டும்.